பத்து க்ளிக் எதற்கு, ஒன்று போதுமே! கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் தேடி அலைபவர்களுக்கு சில எளிய வழிகள்

மரக்காணம் உப்பளங்களில் மழை இறங்கிவிட்டால் பாத்திகளில் வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மாதங்களைச் சமாளிக்கத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குகிறது. இப்படி ஓர் உதவித்தொகை என்றாலும், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என்றாலும், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் சகிதம் மக்கள் போய் நிற்கும் இடம் இ-சேவை மையமோ, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையோதான். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவருக்கு, அங்கே கழியும் ஒவ்வொரு நிமிடமும் கூலிக் கணக்கு.

அந்த நிமிடங்கள் எங்கே போகின்றன? இன்டர்நெட் வேகம், சர்வர் கோளாறு எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். ஸ்கேன் செய்த ஆதார் ஒரு ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ டவுன்லோட்ஸில் இருக்கும். அளவைக் குறைத்த பாஸ்புக் நகல் டெஸ்க்டாப்பில் கிடக்கும். இணையதளத்தில் 'அப்லோட்' பட்டனை அழுத்தினால் திறக்கும் பெட்டியோ வேறு ஏதோ ஓர் இடத்தைக் காட்டும். திஸ் பிசி, டி டிரைவ், சான்றிதழ்கள், இந்த மாதம் என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் போக வேண்டும். ஒரே விண்ணப்பத்துக்கு இதே பயணம் நான்கைந்து முறை!

நேரம் மட்டும் போனால் பரவாயில்லை. அவசரத்தில் முன்னால் வந்தவரின் ரேஷன் கார்டு பின்னால் நிற்பவரின் விண்ணப்பத்தில் ஏறிவிட்டால், விண்ணப்பம் திரும்பி வரும். இன்னொரு நாள் கூலி போகும். அடிக்கடி பயன்படுத்தும் ஃபோல்டரை ஒரே க்ளிக்கில் திறக்கும் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். கடைக்காரர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மாணவர், ஆசிரியர், கணக்கு எழுதுபவர் என எல்லாருக்கும் இது பயன்படும்.

விண்டோஸிலேயே இருக்கிறது!

2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் 'ஃபேவரிட்ஸ்' என்ற பெயரில் இருந்த வசதி, 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது 'க்விக் ஆக்சஸ்' ஆனது. விண்டோஸ் 11-லும் அதே பெயரில் தொடர்கிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

விண்டோஸ் கீயையும் 'இ' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். வேண்டிய ஃபோல்டர் மீது ரைட் க்ளிக் செய்து, 'பின் டு க்விக் ஆக்சஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். அந்த ஃபோல்டர் இடதுபக்கப் பட்டியலில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். வேண்டாம் என்றால், அதேபோல ரைட் க்ளிக் செய்து 'அன்பின்' கொடுத்துவிடலாம். ஃபோல்டர் அழியாது, பட்டியலில் இருந்து மட்டும் விலகும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அப்லோட் செய்யும்போது திறக்கும் பெட்டியிலும் இதே பட்டியல் இடதுபக்கம் வரும். 'இன்றைய ஸ்கேன்' என்று ஒரு ஃபோல்டரைப் பின் செய்து வைத்தால், எந்த இணையதளத்திலும் ஒரே க்ளிக்கில் அங்கே போய்விடலாம். ஆனால், இருபது ஃபோல்டர்களைப் பின் செய்தால் பட்டியலுக்குள்ளேயே தேட வேண்டியிருக்கும். ஐந்தாறு போதும்.

கூடுதல் வேகம் வேண்டுமா?

நாள் முழுவதும் ஃபைல்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்குத் தனி மென்பொருள்கள் இருக்கின்றன.

*லிஸ்டரி:* ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்து வைத்துவிட்டு, அப்லோட் பெட்டியில் கன்ட்ரோல், 'ஜி' இரண்டையும் சேர்த்து அழுத்தினால், பெட்டியும் அதே ஃபோல்டருக்குத் தாவிவிடும். பிடித்த ஃபோல்டர்களைப் பட்டியலாக வைத்துக்கொள்ளவும் முடியும்.

*க்விக் ஆக்சஸ் பாப்அப்:* கனடாவைச் சேர்ந்த ஜான் லலோந்த் உருவாக்கியது. மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால், நீங்கள் சேர்த்து வைத்த ஃபோல்டர்கள் மெனுவாக விரியும்.

*எவ்ரிதிங்:* ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டதா? பெயரில் சில எழுத்துகளை அடித்தால், அடிக்கும்போதே பட்டியல் வந்துவிடும். ஃபைல்களுக்கு ஆட்களின் பெயரும் தேதியும் வைக்கும் பழக்கம் இருந்தால் இது பெரிய துணை.

இவற்றை அந்தந்த மென்பொருளின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். கடையிலோ அலுவலகத்திலோ போடுவதாக இருந்தால், இலவசப் பதிப்பை அங்கே பயன்படுத்தலாமா என்று உரிம விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ் லேப்டாப்பா? இது முக்கியம்!

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கொடுக்கப்பட்ட பல லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அந்த வகை லினக்ஸில் ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், 'டி' அழுத்தினால், அந்த ஃபோல்டர் புக்மார்க் ஆகிவிடும். ஆனால், இதே பழக்கத்தில் விண்டோஸில் ஒரு ஃபைலைத் தேர்வு செய்துவிட்டு இந்த இரண்டு கீகளையும் அழுத்தினால், அந்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போய்விடும். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் ஜாக்கிரதை!

வேகத்துக்கு ஒரு மறுபக்கம்

க்விக் ஆக்சஸ் வசதி, நீங்கள் பின் செய்ததை மட்டும் காட்டுவதில்லை. கடைசியாகத் திறந்த ஃபைல்களையும் தானாகவே காட்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இது வசதி. பத்துப் பேர் வந்து போகும் கடையில் இது வம்பு. காலையில் வந்தவரின் ஆதார், வங்கிக் கணக்கு நகல் எல்லாம் மாலையில் வருபவரின் கண் முன்னால் வரிசையாகத் தெரியும்.

இதை நிறுத்துவதும் சுலபம். விண்டோஸ் 11-ல் எக்ஸ்ப்ளோரரின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'ஆப்ஷன்ஸ்' வரும். விண்டோஸ் 10-ல் 'வியூ' பகுதியில் அது இருக்கும். உள்ளே 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'பிரைவசி' என்ற பகுதியில், சமீபத்திய ஃபைல்களைக் காட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'க்ளியர்' பட்டனையும் அழுத்திவிடுங்கள். நீங்கள் பின் செய்த ஃபோல்டர்கள் அப்படியே இருக்கும், மற்றவர்களின் ஃபைல் பெயர்கள் மட்டும் மறைந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது பட்டியலைத்தான் அழிக்கும், ஃபைலை அல்ல. வேலை முடிந்ததும் 'இன்றைய ஸ்கேன்' ஃபோல்டரைக் காலி செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால்தான் வேலை முழுமை.

போனிலும் உண்டு

ஆண்ட்ராய்டு போனில் 'ஃபைல்ஸ் பை கூகுள்' ஆப் இருந்தால், முக்கியமான ஃபைல்களுக்கு நட்சத்திரக் குறியிட்டு ஒரே இடத்தில் பார்க்கலாம். அதிலேயே உள்ள 'சேஃப் ஃபோல்டர்' பகுதியில் ஆதார் போன்றவற்றைப் பின் நம்பர் போட்டுப் பூட்டி வைக்கலாம். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' வடிவத்தையும் ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முழு எண் தேவைப்படாத இடங்களில் அதையே கொடுக்கலாம்.

அடுத்த முறை கம்ப்யூட்டர் கடையில் வேலை முடிந்து ரசீது வாங்கும்போது, தயங்காமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அண்ணே, என் ஃபைலை எல்லாம் அழிச்சிடுங்க." ஃபோல்டரை ஒரே க்ளிக்கில் திறக்கத் தெரிந்தவருக்கு, அதை அழிக்க அரை நிமிடம்கூட ஆகாது.