சமையலறைத் துருவி: தேர்வும் பயனும் பராமரிப்பும்

நம் நாட்டு இல்லங்களில் காரட், முள்ளங்கி, மாங்காய், இஞ்சி முதலியவற்றை இழைகளாக்குவதற்குக் கைத்துருவி பயன்படுகிறது. விலை குறைந்த இச்சிறு கருவியைப் பற்றி ஆராய என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், குழந்தைக்கு ஊட்டும் காய் எளிதில் மசிவதும், அதிலுள்ள சத்து வீணாகாதிருப்பதும் இதனைக் கையாளும் முறையைப் பெரிதும் பொறுத்தவை.

பரப்பு பெருகுதல்

ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. நீளமுள்ள கன சதுரமான காய்த்துண்டு ஒன்றின் மேற்பரப்பு 54 சதுர செ.மீ. ஆகும். அதையே 3 மி.மீ. கனமும் 3 மி.மீ. அகலமும் 3 செ.மீ. நீளமும் உள்ள 100 இழைகளாக்கினால், மொத்தப் பரப்பு 378 சதுர செ.மீ., அதாவது ஏழு மடங்கு ஆகிறது. இழை மெல்லியதாதலால் வெப்பம் அதன் நடுப்பகுதியை விரைவில் எட்டுகிறது; எரிபொருளும் மிச்சமாகிறது. காரட்டின் உயிரணுச் சுவர்கள் சிதைவதால், சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைக்கும்பொழுது அதிலுள்ள கரோட்டின் உடலில் நன்கு சேருகிறது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குக் காயைத் துருவி, வேகவைத்து, மசித்துக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும் அபாயமும் குறைகிறது.

ஆனால், இப்பரப்பின் வழியே காற்றிலுள்ள பிராணவாயுவும் தாக்குகிறது. அதனால் வைட்டமின் ஸி சிதைகிறது. கழுவாத தோலில் உள்ள கிருமிகளும் இழைகள் முழுவதிலும் பரவுகின்றன. ஆகவே, முழுக்காயை முதலில் நன்கு கழுவி, உண்பதற்கோ சமைப்பதற்கோ சற்று முன்னரே துருவ வேண்டும். துருவியபின் கழுவினால் நீரில் கரையும் சத்துகள் வெளியேறிவிடும்.

தேர்ந்தெடுத்தல்

எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகினால் ஆன துருவியே சிறந்தது. அதிலுள்ள குரோமியம், மேற்பரப்பில் மெல்லிய ஆக்ஸைடு படலத்தை உண்டாக்கி எஃகைக் காக்கிறது. காந்தம் ஒட்டுவதைக் கொண்டு மட்டும் எஃகைத் தரக்குறைவானது என்று கருதலாகாது. துருப்பிடிக்காத எஃகு வகைகளிலும் சில காந்தத்தால் ஈர்க்கப்படும். பூச்சுத் தேய்ந்த தகரத் துருவி விரைவில் துருப்பிடிக்கும். இரும்பு வெளிப்பட்ட துருவியில் நெல்லிக்காயைத் துருவினால், அதன் துவர்ப்புப்பொருள் இரும்புடன் சேர்ந்து கருநிறம் தருவதைக் காணலாம். கைப்பிடி உறுதியாகவும், விளிம்பு மடித்து வழவழப்பாகவும் இருத்தல் நலம். காய்களுக்குப் பெரிய துளைகளும், இஞ்சி, ஜாதிக்காய் ஆகியவற்றிற்கு நுண்துளைகளும் ஏற்றவை.

உபயோகித்தல்

துருவியின் அடியில் ஈரத்துணியை விரித்தால் அது வழுக்காது. காயை மிதமாக அழுத்தி ஒரே சீராகத் தள்ள வேண்டும். மழுங்கிய பற்கள் காயை வெட்டாமல் நசுக்குகின்றன. சாறு வீணாவதோடு, மிகுந்த அழுத்தம் தேவைப்படுவதால் கை வழுக்கி விரல் கணுக்களில் காயமும் ஏற்படும். கடைசியில் எஞ்சும் சிறு துண்டைத் துருவாமல் கத்தியால் நறுக்குவதே பாதுகாப்பானது.

பராமரித்தல்

பயன்படுத்தியவுடன், இழைகள் உலருமுன், மறுபுறத்திலிருந்து நீர் ஊற்றித் தூரிகையால் கழுவ வேண்டும். பற்களின் கூர்முனைக்கு எதிராகத் தேய்க்கலாகாது. உப்பும் புளிப்பும் பட்ட துருவியை அப்படியே வைக்கலாகாது. ஈரம் போகத் துடைத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் தொங்கவிடுதல் நன்று. பற்கள் ஒடிந்த துருவியை விலக்கிவிட வேண்டும். உலோகத் துணுக்கு உணவில் கலக்கக்கூடும்.

வகுப்பறைச் சோதனை

ஓர் உருளைக்கிழங்கைத் துருவி இரு தட்டுகளில் இட்டு, ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாற்றைக் கலந்து அரைமணி நேரம் வைக்கவும். சாறு சேராத இழைகள் பழுப்பாக மாறும். மற்றவை பெரிதும் மாறா. கண்ணுக்குப் புலனாகும் இம்மாற்றத்தைக் காட்டிவிட்டு, கண்ணுக்குப் புலனாகாத வைட்டமின் இழப்பை ஆசிரியரும் களப்பணியாளரும் எளிதில் விளக்கலாம். துருவிய காயை நெடுநேரம் காத்திருக்க வைக்கலாகாது என்பதே இதிலிருந்து இல்லத்தரசியார் பெற வேண்டிய பாடமாகும்.