பலாலி ஓடுபாதையும் வலிகாமத்து நன்னீரும்

ஆகாயத்திற் செல்லும் ஊர்திகளைப் பற்றிய கற்பனை நம் நூல்களுக்குப் புதிதன்று. இராமகாதையிற் புட்பக விமானம் இலங்கையினின்றும் எழுகின்றது. சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் தன் தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகின்றான். இவ்வூர்திகளின் வேகத்தையும் வனப்பையும் பாடிய புலவர்க்கு, அவை இறங்குதற்கு எத்துணை நிலம் வேண்டும் என்னும் வினா எழவில்லை. இக்காலத்து விமானத்துக்கோ நிலமே முதலாவது தேவை. ஆதலின், பலாலி விமான நிலையத்தை மேலும் விரித்தல் வேண்டும் என்னும் கோரிக்கையை ஆராயப் புகுவோர், வானத்தை நோக்குமுன் நிலத்தையும், அந்நிலத்தின் கீழுள்ள நீரையும் நோக்குதல் முறையாகும்.

பலாலித் தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையின் தேவைக்காக அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது பொதுமக்கட்குப் பயன்பட்டது. 1947 டிசம்பரில் ஏயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றதாகும். பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு வெளியேறினர்; பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், தையிட்டி, குரும்பசிட்டி ஆகிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 'ஈழகேசரி'யை நிறுவிய நா. பொன்னையாவின் ஊராகிய குரும்பசிட்டியிலும் அக்காலத்திற் காடே வளர்ந்தது. போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றினால் 2020இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2025இல் திருச்சிராப்பள்ளிக்கும் சேவை தொடங்கிற்று. இச்சேவைகளை எதிர்ப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எழுபதின்மர் அளவினர் செல்லத்தக்க ஏ.ரி.ஆர். விமானங்களுக்குப் போதுமான ஓடுபாதையை, ஏ-320 போன்ற பெருவிமானங்களுக்கென 2,300 மீற்றராக்கி, அதனைச் சூழ மேலும் காணி கொள்ளும் திட்டமே இங்கு ஆராயப்படுவது.

காணி என்பதைப் பற்றி முதலிற் கூறுவாம். 2013 ஏப்பிரலில், காணி எடுத்தற் சட்டத்தின்கீழ், வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரைப் படைத் தேவைக்கென எடுக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. ஓர் ஏக்கர் பதினாறு பரப்பு. எனவே நம் ஊர்க்கணக்கில் அஃது ஒரு இலட்சம் பரப்புக்கு மேலாகும். அதனை எதிர்த்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணி உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். இவ்வெண்ணிக்கை ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணி பெருநிலக்கிழார் சிலரின் உடைமையன்று. பரப்புக் கணக்கிற் பலருக்குப் பகிர்ந்து கிடப்பது. ஒருவரது உறுதியை எடுத்துப் பார்ப்பின், நிலத்தோடு கிணற்றிற் பங்கும், வாய்க்காற் பங்கும், வழியுரிமையும் எழுதப்பட்டிருத்தல் காணலாம். ஒரு கிணற்றை நால்வர் முறைவைத்து இறைப்பர். அந்நால்வருள் ஒருவர் காணி ஓடுபாதைக்குள் அகப்பட்டு, கிணறும் அக்காணியிலே இருக்குமாயின், ஏனைய மூவர் நிலமும் தரிசாகும். ஆயினும் அம்மூவர் காணி 'எடுக்கப்பட்ட' காணியாக எந்தப் பதிவேட்டிலும் வாராது.

எடுக்கப்படாத காணியைத் தொடும் வேறொரு விதியும் உண்டு. கருவிகளின் துணைகொண்டு பெருவிமானம் இறங்கும் ஓடுபாதையின் அந்தத்திலிருந்து அறுபது மீற்றர் தள்ளித் தொடங்கி, ஐம்பது மீற்றருக்கு ஒரு மீற்றர் என்னும் சரிவில் வானவெளி தடையின்றி இருத்தல் வேண்டுமென்பது சர்வதேச ஒழுங்கு. கணக்கிட்டுப் பார்ப்பின், நிலம் சமமாயிருக்க, ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள மரமும் பத்தொன்பது மீற்றரைத் தாண்டலாகாது. முற்றிய பனை அதனை எளிதிற் கடந்துவிடும். ஓடுபாதை நீள நீள இவ்விதியும் ஊருக்குள் நகர்ந்து வரும். பனந்தோப்புகள் உரியவர் கையிலிருந்தபடியே வெட்டுக்கு ஆளாகும்.

இனி நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. நமக்குள்ள நன்னீர் யாவும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குடைவுகளிலும் தங்கும் மழைநீரே. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்திருப்பின் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், எர்சுபேர்க்கு என்னும் அறிஞர் இருவர் பெயரால் வழங்கும் விதி. இதன் மறுபக்கமே நாம் அஞ்சுதற்குரியது: மேல்மட்டம் ஓரடி தாழின், உவர்நீர் கீழிருந்து நாற்பதடி மேலேறும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதும், கீரிமலையிற் கடலுக்கு அருகே நன்னீர் ஊறுவதும் இவ்வமைப்பைக் கண்ணாற் காட்டும் சான்றுகளாம்.

வலிகாமத்துச் செம்மண் மழையை விரைந்து உறிஞ்சுவது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். ஓர் ஏக்கரில் விழுவது ஐம்பது இலட்சம் லீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களிலே பெய்து விடுகின்றது. தாரும் கொங்கிறீற்றும் மூடிய ஓர் ஏக்கர், இந்நீரைத் தான் உறிஞ்சாது ஓரத்துக்குத் தள்ளுகின்றது. ஓரத்தில் அது மண்ணுட் புகுமே எனலாம். புகும், ஆனால் சக்கர இறப்பரின் துகளையும் எரிநெய்க் கசிவையும் உடன்கொண்டு புகும். மணற்பாறை நீரை மெல்ல வடிக்கும். குடைவுள்ள சுண்ணக்கல்லோ வடியாது, நேரே கிணற்றுக்குக் கொண்டு செல்லும். இது வெறும் ஊகமன்று. சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் சூழவுள்ள கிணறுகளிற் கலந்தமை பற்றி 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்ததை நாமறிவோம். பலாலி நிற்பதும் அதே வலிகாமத்துச் சுண்ணக்கல்லின் மீதே.

விமானப் புகையும் இந்நீர் வில்லையைத் தொடுகின்றது. ஒரு கிலோகிராம் விமான எரிநெய் எரிந்தால், அதன் காபன் காற்றின் ஒட்சிசனோடு கூடி, மூன்று கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த காபனீரொட்சைட்டாகின்றது. உயரத்திற் பறக்கும்போது பின்னே தோன்றும் வெண்கோடுகளும் வெப்பத்தைத் தடுத்து வைப்பன. மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் விமானங்களின் பங்கு நூற்றுக்கு இரண்டரை அளவினது. மற்றை விளைவுகளையுஞ் சேர்த்தால் வெப்பமூட்டலில் மூன்றரை. சிறுபங்கே எனச் சிலர் அமைதி கொள்வர். 2018இல் உலக மக்களுட் பத்தில் ஒருவர் அளவினரே விமானமேறினர் என்னும் ஆய்வை நோக்குவார்க்கு அவ்வமைதி நில்லாது. மேலும், நாடுகளுக்கிடையே பறக்கும் விமானங்களின் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்க்கப்படுவதில்லை. தனியே குறிக்கப்பட்டு விடப்படுகின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி இருபது சென்றிமீற்றர் உயர்ந்தது. கடல் உயர, தாழ்ந்த நிலத்தின் நன்னீர் வில்லை ஒடுங்கும். ஆக, ஒருநாளும் விமானமேறாத தோட்டக்காரனின் கிணறு மேலிருந்து ஓடுபாதையாலும் கீழிருந்து கடலாலும் நெருக்குண்கின்றது.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு எழுந்துள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரிற் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்கப்படுமென 2022இல் அறிவிக்கப்பட்டதும், பதின்மூன்று ஊர்களின் காணியும் ஏரிகளும் அதில் அகப்பட, ஏகனாபுரத்தார் தொடர்ந்து போராடலாயினர். இலண்டன் ஹீத்ரூவில் மூன்றாவது ஓடுபாதைக்கான அரசின் கொள்கை, பாரிசு உடன்படிக்கையைக் கருத்திற் கொள்ளாமையாற் செல்லாதென 2020 பெப்ரவரியில் ஒரு நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மேல் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. பிரான்சிலோ நோத்ர-தாம்-தே-லாந்து என்னும் ஊரில் திட்டமிட்ட விமான நிலையத்தை, நெடுங்காலப் போராட்டத்தின்பின், 2018இல் அரசே கைவிட்டது.

நம்மவர் கூறும் மறுப்பொன்றை ஒதுக்கிவிடல் நேர்மையாகாது. முப்பதாண்டு அடைபட்டுக் கிடந்த மக்கள் வெளியுலகோடு நேரே தொடர்பு கொள்வதும், நோயாளர் சென்னை மருத்துவமனைகளை விரைந்து அடைவதும், புலம்பெயர்ந்த உறவினர் கொழும்பைச் சுற்றாது வந்து சேர்வதும் நற்பயனல்லவா? உலகம் பறந்து தீர்த்த பாவத்துக்கு யாழ்ப்பாணத்தான் ஏன் தண்டம் இறுத்தல் வேண்டும்? இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சென்னை பலாலியிலிருந்து ஏறத்தாழ 360 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளி அதிற் பாதியளவே. இத்தகைய குறுந்தூரத்துக்குச் சுழல்விசிறி விமானமே எரிநெய்ச் சிக்கனமானது. பெருவிமானம் மேலேறி முடியுமுன் இறங்கத் தொடங்கிவிடும். நோயாளர்க்கு வேண்டிய பயணம் இப்போதுள்ள ஓடுபாதையிலேயே நடைபெறுகின்றது. அதன் தடவைகளைக் கூட்டலாம், கட்டணத்தைக் குறைக்கலாம். நீண்ட ஓடுபாதையாற் பயன்பெறுவோர் பெரும்பாலும் விடுமுறைக்கு வருவோர். அதன் விலையை இறுப்போர் 1990 முதல் தம் கிணற்றைக் காணாதோர். இவ்விரு சாராரும் ஒரே குடும்பத்தவராயிருத்தலும் உண்டு என்பதே இதிலுள்ள துயரம்.

தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1993இல் வெளியான வர்த்தமானியில், விமான நிலையம் அமைத்தலும் அதனைப் பெருமளவில் விரித்தலும் மதிப்பீட்டுக்குரிய திட்டங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. அம்மதிப்பீடு காணியளவோடு நில்லாது, பங்குக் கிணறுகளையும், மாரி கோடை இருபருவத்து நீர்மட்டத்தையும், அணுகுபாதைப் பனைகளையும் ஊர்தோறும் எண்ணுதல் வேண்டும். தமிழில் வெளியிடப்படவும் வேண்டும்.

பலாலியிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிற் காங்கேசன்துறை உள்ளது. 1990இல் நின்ற புகையிரதம் 2015 சனவரி முதல் மீண்டும் அங்கு வருகின்றது. நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் வந்தது. இடைநின்று, 2024 ஆகத்தில் மறுபடி ஓடலாயிற்று. கடற்பயணம் நான்கு மணி நேரமளவே. எனினும் வடகீழ்ப் பருவக்காற்றின் கடுமையால் அச்சேவை தடைப்படுகின்றது. காற்றைத் தாங்கும் பெரிய கலமும், ஆழமான துறையும், துறைமுகத்திலிருந்து நிலையத்துக்குச் செல்லும் ஒழுங்கான பேருந்தும் அங்கு வேண்டப்படுகின்றன. ஓடுபாதையை நீட்டுதற்கு ஒதுக்கும் பணத்தை முதலில் இவற்றுக்குச் செலவிடலாம்.