தொட்டியோரத்துத் தேரை

தர்மபுரி மாவட்டத்தில் மரத்தவளை வளர்க்க ஆசைப்படுகிறவர் கடைக்குப் போகும் முன் தன் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்ப்பது நல்லது. வாளிக்குப் பின்னால், குழாய் வளைவில், ஓட்டுச் சந்தில் கைகால்களை மடக்கிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கும் பழுப்பு நிறப் பிராணி அங்கே ஏற்கெனவே குடியிருக்கலாம். ஊரில் அதற்குப் பெயர் தேரை. விலங்கியலில் பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ்; 1830இல் ஜான் எட்வர்ட் கிரே விவரித்த இனம். பெண் தவளை 8 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், ஆண் சிறியது. விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத் தட்டுகள் இருப்பதால் வழுக்கும் டைல்ஸிலும் சறுக்காமல் ஏறும். பின்னங்காலை நீட்டும்போது தொடையின் பின்புறம் மஞ்சள் புள்ளிகள் பளிச்சிடும்.

தோலில் ஈரம் இல்லாவிட்டால் தவளை பிழைக்காது. அப்படியிருக்க, ஏப்ரல் வெயில் 38 டிகிரியைத் தொடும் மாவட்டத்தில் இது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதே இனத்தை வைத்துத்தான் விடை சொன்னது. தோலில் சுரக்கும் கொழுப்பும் கோழையும் கலந்த கசிவை இந்தத் தவளை கைகளாலும் கால்களாலும் முதுகு, தலை, விலா என்று உடம்பெங்கும் வழித்துத் தடவிக்கொள்கிறது. பிறகு கைகால்களை உடம்போடு ஒட்டி வைத்து அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஈரம் ஆவியாகும் வேகம் குறைகிறது. குழந்தைகள் ஆசையாக எடுத்துத் தடவித் தடவிக் கொஞ்சக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். கையில் இருக்கும் சோப்பு, உப்பு, கொசு விரட்டிக் களிம்பு எல்லாம் அந்தத் தோல் வழியாக நேரே உள்ளே போகும்.

இந்தப் பிராணிக்கு ஊரில் கெட்ட பெயரும் உண்டு. உடைத்த தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால் தேரை மோந்துவிட்டது என்பார்கள். வேளாண் துறையினர் அதை ஒல்லிக்காய் என்று சொல்லி, மகரந்தச் சேர்க்கைக் குறைவையும் சத்துக் குறைவையும் காரணம் காட்டி, பொட்டாஷும் போராக்ஸும் போடச் சொல்கிறார்கள். தென்னையில் ஏறும் தேரை தேடுவது பூச்சியை.

சரி, பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு வளர்க்கலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்கள் 2022 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்டன. தவளை இனங்கள் பலவும் அவற்றில் இடம்பெற்றிருக்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா போய், காட்டில் பார்த்த அழகான தவளையை டப்பாவில் அடைத்து வருவது விளையாட்டல்ல, குற்றம்.

வெளிநாட்டு இனங்களின் கதை வேறு. படங்களில் எல்லோரும் பார்த்த சிவப்புக் கண் மரத்தவளை மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. 2010 முதல், வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டியில் மறைத்துக் கொண்டுவரப்படும் அபூர்வப் பிராணிகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறை அடிக்கடி பிடிக்கிறது என்பதை நினைவில் வைத்தால், விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, காகிதத்தை. எங்கே பிறந்தது, யார் இனப்பெருக்கம் செய்தார்கள், எந்த ரசீதில் வந்தது என்று சொல்லத் திணறுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

காகிதம் சரியாக இருக்கிறதா? அடுத்து தவளையைப் பார்க்கலாம். கண் தெளிவாக, உடம்பு கொழுகொழுவென்று, தோலில் புண் இல்லாமல் இருக்க வேண்டும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் பட்டினி கிடந்திருக்கிறது. பல நாடுகளில் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்யப்படுவது ஆஸ்திரேலியாவின் பருத்த பச்சைத் தவளை. முரட்டு உடம்பு, சாது குணம். ஆனால் 15 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டு வாங்கிய தவளை, அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெட்டி அகலத்தைவிட உயரமாக இருக்கட்டும். ஏற ஒரு கிளை, ஒளிய ஒரு மணிபிளான்ட், காற்றுப் போக வலை மூடி, அகன்ற தண்ணீர்க் கிண்ணம் போதும். ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் கண்ணாடிப் பெட்டியை வைத்தால் ஒரே மதியத்தில் தவளை வெந்துவிடும். தண்ணீரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தவளை வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. குளோரின் கலந்து வரும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்ற வேண்டும்.

தீனி உயிரோடு அசைய வேண்டும். சுவர்க்கோழி, கரப்பான், விட்டில் எல்லாம் சரி. மருந்து தெளித்த பாலக்கோடு தக்காளி வயலில் பிடித்த பூச்சி மட்டும் கூடாது. விழுங்கும் நேரத்தில் கவனித்தால் இரண்டு கண்களும் தலைக்குள் அமுங்குவது தெரியும். அந்தக் கண்விழிகளே உள்ளிருந்து இரையைத் தொண்டைக்குத் தள்ள உதவுகின்றன. தவளையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை வளர்ப்புத் தவளைகளால் பரவிய சால்மோனெல்லா தொற்றில் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள்.

அலுத்துப்போனால் ஏரியில் விட்டுவிடலாம் என்ற யோசனை எல்லாவற்றையும்விட மோசமானது; அதனோடு நோயும் ஏரிக்குப் போகலாம். உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை கண்டம் விட்டுக் கண்டம் போனதில் தவளை வணிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்தனை தொல்லையையும் கூட்டிப் பார்த்தால், குளியலறைத் தேரையை அது இருக்கும் இடத்திலேயே விட்டுப் பார்த்துக்கொள்வதுதான் முதல் தவளைக்கு உகந்த வழி என்று தோன்றுகிறது. செலவில்லை, பெட்டியில்லை. மழை பிடித்ததும் இரவில் டக் டக் டக் என்று ஆண் கூப்பிடும். ஜோடி சேர்ந்ததும் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் பெண் தன் கசிவைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். காலையில் பார்ப்பவர் யாரோ சோப்பு நுரையை அப்பிவிட்டுப் போனதாக நினைத்து வழித்துப் போட்டுவிடுவார். மேற்புறம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் சொட்டும்.

அவை காலும் கையும் முளைத்து வெளியேற ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை அந்தத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. சீக்கிரம் கழுவியே தீர வேண்டுமென்றால், பாசியோடு கூடிய தண்ணீரை ஒரு பழைய அண்டாவில் மொண்டு தலைப்பிரட்டைகளை அதற்கு மாற்றி, ஏறிவர ஒரு குச்சியைச் சாய்த்து வைத்து, நிழலில் விடலாம். கொம்பேறி மூக்கனும் தவளை தேடி அந்தப் பக்கம் வந்து போகும். அது நஞ்சில்லாத பாம்புதான்; அதைப் பாட்டிக்கு யார் புரியவைப்பது என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.