வலிக்காத காதுநோய்

மாணவர்களே, ஆசிரியர் அழைத்தும் திரும்பிப் பார்க்காத மாணவனை என்ன நினைப்பீர்கள்? கவனமில்லாதவன் என்றுதானே? ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில், நகரங்களுக்கு வெகு தொலைவில் வாழும் பூர்வகுடிச் சிறுவர் பலருக்கு உண்மைக் காரணம் நடுச்செவி அழற்சி.

நடுச்செவியைத் தொண்டையின் மேற்பகுதியுடன் இணைப்பது யூஸ்டேக்கியன் குழாய். குழந்தைகளுக்கு இது குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் கிருமிகள் எளிதில் ஏறிவிடுகின்றன. நடுச்செவியில் நீர் தேங்கினால் செவிப்பறை சரியாக அதிராது, ஒலி மங்கும். சில வேளைகளில் செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வடியும். பலருக்கு வலியே தெரியாது. பேச்சுக் கற்கும் வயதில் காது மந்தமானால் பின்னர் படிப்பும் பாதிக்கப்படும்.

ஒரு சமூகத்தில் 4 விழுக்காட்டுக்கு மேல் நாட்பட்ட சீழ்வடிதல் இருந்தாலே உடனடி நடவடிக்கை தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இங்குள்ள சில ஊர்களில் நிலைமை அதைவிட மோசம்.

எப்போதாவது வந்துபோகும் நிபுணருக்காகக் காத்திருக்கலாமா? டார்வினிலுள்ள மென்சிஸ் சுகாதார ஆய்வுக் கழகம் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி அளித்தது. ஓட்டோஸ்கோப்பில் செவிப்பறையைப் பார்க்கலாம். டிம்பனோமீட்டர் காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறையின் அசைவை அளக்கும். வரைபடம் மேடாக எழுந்தால் பெரும்பாலும் நலம். தட்டையாக இருந்தால் நீர் தேங்கியிருக்கலாம். முடிவைப் பார்த்துத் தாதியும் மருத்துவரும் சிகிச்சை அளிப்பார்கள்.

ஊர்க்காரருக்குக் குழந்தையின் மொழி தெரியும், குடும்பமும் தெரியும். அடுத்த வாரமும் அவர் அங்கேயே இருப்பார்.

உங்கள் வகுப்பில் அடிக்கடி “என்ன சொன்னாய்?” என்று கேட்கும் நண்பர் இருக்கிறாரா? கேலி செய்யாதீர்கள். காதைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.