அறையும் ஒரு வாத்தியமே!

இராயபுரம், காசிமேடு பகுதிகளில் வசிப்பவர்களுக்குத் துறைமுகத்துக் கப்பலின் ஊதல் புதிதன்று. சன்னலைச் சாத்தினாலும் அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்காக 1972-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகள் இந்த ஊதலுக்கும் அளவு கூறுகின்றன. 75 மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள கப்பலின் ஊதல் 250 முதல் 700 ஹெர்ட்ஸ் வரை இருக்க வேண்டும். 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதலோ 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை. கப்பல் பெரிதானால் ஊதலின் சுருதி தாழ்கிறது. ஒரு வினாடியில் எத்தனை அதிர்வுகள் என்பதையே ஹெர்ட்ஸ் குறிக்கிறது.

இதைவிடவும் தாழ்ந்த ஒலிகளை வீட்டில் எழுப்புவதற்கென்றே அமைந்த ஒலிபெருக்கிதான் சப்-ஊஃபர். கானாப் பாட்டின் மேளத்தையும், பாஸ் கிதாரின் 41 ஹெர்ட்ஸ் அடித்தந்தியையும் நெஞ்சில் உணரச் செய்வது அதுவே. ஆனால் நிறையப் பணம் கொடுத்து வாங்கிய பெட்டி, வீட்டுக்கு வந்ததும் 'கும், கும்' என்று இரைவதேன்? குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை; அறையில் இருக்கிறது.

அலையின் நீளம்

நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. இதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 3,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 10 சென்டிமீட்டர்தான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ ஏறத்தாழ 9 மீட்டர்! அந்த அலை உங்கள் அறையைவிட நீளமானது.

சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் அலையின் பாதிக்குச் சமமாகும்போது, சுவரில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் சேர்ந்து 'நிலை அலை' உண்டாகிறது. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் சுமார் 48 ஹெர்ட்ஸிலும், அகலவாக்கில் சுமார் 57 ஹெர்ட்ஸிலும் நிலை அலை தோன்றும். உயரமும் 10 அடியே ஆதலால் அதே 57 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாக ஓங்கும். இந்த ஒலிகள் சுவரோரத்தில் மிகுந்தும் அறையின் நடுவில் குன்றியும் கேட்கும். சுவரில் சாய்ந்திருக்கும் தம்பி 'இரைச்சல்' என்பான். நடுவில் அமர்ந்திருக்கும் அண்ணன் 'ஒன்றும் கேட்கவில்லையே' என்பார். இருவர் சொல்வதும் உண்மையே!

எதை வாங்குவது?

அதிர்வெண் பாதியாகும்போது அதே உரப்பை எழுப்ப, ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். அதனால்தான் தாழ்ந்த ஒலிக்குப் பெரிய கூம்பு தேவைப்படுகிறது. மேலே சொன்ன அறைக்கு 8 அல்லது 10 அங்குலக் கூம்பு போதும்.

பெட்டிகள் இருவகை. ஒன்று முற்றிலும் மூடியது. மற்றொன்றில் ஒரு துளைக்குழாய் இருக்கும். கடத்தின் வாயருகே தட்டினால் உள்ளிருக்கும் காற்று முழங்குகிறதல்லவா? அதே தத்துவம்தான் இங்கும். துளைப்பெட்டி குறைந்த மின்திறனில் அதிக முழக்கம் தரும். மூடிய பெட்டியில் முழக்கம் நீளாமல் மேள அடி தெளிவாக நிற்கும். சிறிய அறைக்கும் பொதுச்சுவர் வீட்டுக்கும் மூடிய பெட்டியே ஏற்றது.

பெட்டியின் மேல் அச்சிட்ட ஆயிரக்கணக்கான 'பி.எம்.பி.ஓ.' வாட்டுகளைக் கண்டு மயங்க வேண்டாம், 'ஆர்.எம்.எஸ்.' வாட்டு எவ்வளவு என்று கேளுங்கள். கூம்பின் விளிம்பு நுரையால் ஆனதா, ரப்பரால் ஆனதா என்றும் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோர ஈரக்காற்றில் நுரை விளிம்பு சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ரப்பர் நெடுநாள் உழைக்கும்.

எங்கே வைப்பது?

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் சப்-ஊஃபரை வையுங்கள். அடித்தந்தி ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஒலிக்க விடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள்; வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்! எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே சீராகக் கேட்கின்றனவோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டு உங்கள் இடத்துக்குத் திரும்புங்கள். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு மாறாது என்பது இயற்பியல் விதி. மூலையில் வைத்தால் முழக்கம் மிகும், சீர்மை கெடும்.

அடுத்து, பிரிப்பு அதிர்வெண்ணை 80 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். அதற்குக் கீழே உள்ள ஒலிகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று அறைக்குள் செவியால் எளிதில் அறிய முடியாது. ஆகவே பெட்டி ஓரமாக இருந்தாலும் பாட்டு முன்னாலிருந்தே வருவதாகத் தோன்றும். 0, 180 என்று குறித்த கட்ட விசையை இருபுறமும் மாற்றிப் பார்த்து, முழக்கம் நிறைவாகக் கேட்கும் பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

சுவருக்கு அப்பால்

நம் பகுதியில் துறைமுகத்திலும் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குவோர் பலர். உங்கள் பாட்டு அவர்களுடைய தலையணையைத் தொடுகிறதா? ஒலியின் அதிர்வெண் பாதியானால், சுவர் தடுக்கும் அளவும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அடுத்த வீட்டுக்குப் பாட்டின் சொற்கள் போவதில்லை. 'தும் தும்' மட்டும் போகிறது. சுவரில் ஒட்டும் நுரைப்பஞ்சு இதற்கு உதவாது. 9 மீட்டர் அலைக்கு 2 அங்குலப் பஞ்சு எம்மாத்திரம்!

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. ஆனால் அவை 'ஏ' அளவீட்டில் அமைந்தவை. அந்த அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்தே காட்டும். எனவே மீட்டர் 'சரி' என்று சொன்னாலும் பக்கத்து வீட்டுக் கட்டில் அதிரக்கூடும்.

ஆகவே கடைசிச் சோதனையை மீட்டரிடம் விடாதீர்கள். பாட்டை ஓடவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்கள் அனுமதியுடன் அந்தப் பொதுச்சுவரில் கையை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் தாளம் தெரிந்தால், திரும்பி வந்து பெட்டியை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டு, ஒலியையும் குறையுங்கள். கை அசைவை உணராத அளவே உங்கள் அறைக்கு ஏற்ற அளவு.