படைவீரன் எழுதுகோல் ஏந்தலாமோ?

உடப்புசல்லாவை முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை நடத்திய துரைமார், தமக்கென ஒரு தொண்டர் படையையும் உடையராய் இருந்தனர். இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை எனப்பட்ட அது 1900ஆம் ஆண்டில் அமைந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறிற்று. பின்னர் கலிப்பொலிப் போர்முனையையும் கண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கினர். போர்முனை சென்றவன் தான் கண்டதையும் பட்டதையும் எழுத விரும்புதல் இயல்பு. பணியில் இருக்கும்போதே அவன் அவ்வாறு எழுதுதல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தகாது என்பார் மூன்று காரணம் காட்டுவர். படை நிற்கும் இடமும், அதன் தொகையும், அது புறப்படும் நாளும் பகைவர் செவிக்கு எட்டின் பல உயிர் மடியும் என்பது ஒன்று. மேலோரைப் பழித்தெழுதின் கட்டுப்பாடு குலையும் என்பது மற்றொன்று. படைக்கலம் ஏந்தியவன் அரசியற் கட்சி பேசுதல் மக்களாட்சிக்கு ஊறு என்பது மூன்றாவது. இவை எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. இந்திய இராணுவத்துக்கென 1954இல் வகுக்கப்பட்ட விதிகளும், அரசியல் பற்றியோ படைத்துறை பற்றியோ முன் அனுமதியின்றி எதனையும் வெளியிடலாகாது என விலக்குகின்றன.

ஆயினும், மறைக்கத்தக்கது எது, மறைக்க வேண்டாதது எது எனப் பகுத்தறிதல் வேண்டும். நாளை எம்மலையைத் தாக்குவது என்பது படைக்குரிய மறைபொருள். சேற்றில் நின்ற கால் மரத்ததும், தோழன் இறந்த இரவில் உறக்கம் வாராததும் மறைபொருள் ஆமோ? அவை மனித வாழ்வின் செய்திகள். முன்னையதைக் காக்க இட்ட வேலி பின்னையதையும் அடைத்துவிடுமாயின், போரின் உண்மை நாட்டுக்குத் தெரியாமலே போகும்.

பழந்தமிழ் நாட்டில் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் தன் வஞ்சினத்தைத் தானே பாடினான். அப்பாட்டு புறநானூற்றில் உள்ளது. அவன்பின் வேலேந்தி நடந்த எளிய மறவன் பாடியது யாது? அவன் நெஞ்சையும் அவன் தாயின் நெஞ்சையும் புலவரே பாடினர். 1914இல் பிரான்சுக்குச் சென்ற சிப்பாய்களிலும் எழுத்தறியாதவர் பலர். எழுதத் தெரிந்த தோழரைக் கொண்டு அவர்கள் கடிதம் எழுதுவித்தனர். 1915இல் வாரந்தோறும் 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை சென்றன. அவற்றை ஆராயக் கப்டன் ஹொவெல் என்பார் தலைமையில் தணிக்கை அலுவலகம் ஒன்று இயங்கிற்று. இதனை அறிந்த சிப்பாய்கள் சிலர், இந்தியரைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறிப்பாக எழுதினர்.

இங்கே வியத்தகு விளைவு ஒன்று நேர்ந்தது. தணிக்கையாளர் கடிதப் பகுதிகளை மொழிபெயர்த்துத் தம் அறிக்கைகளோடு மேலிடத்துக்கு அனுப்பினர். ஊருக்குச் சென்ற கடிதங்களுட் பெரும்பாலன அழிந்தன. தணிக்கையாளர் பெயர்த்தெழுதிய பகுதிகளோ இன்றும் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. தடுக்க வந்தவரே காத்தவராயினர். படையின் மனநிலையை அறிய அரசுக்கே சிப்பாயின் சொல் தேவைப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எழுத்தும் கட்டுப்பாடும் ஒருங்கு நிற்றல் கூடும் என்பதற்கு அண்டை மொழியிற் சான்று உண்டு. பாறப்புறத்து, நந்தனார், கோவிலன் எனும் புனைபெயர் பூண்ட மலையாள எழுத்தாளர் மூவரும் இந்திய இராணுவத்திற் பணியாற்றியவாறே கதைகள் எழுதினர். பாறப்புறத்தின் ‘நிணமணிஞ்ஞ கால்பாடுகள்’ எனும் நாவல் 1955இல் வெளிவந்தது; அவர் படையினின்று நீங்கியதோ 1965இல். மேற்கூறிய விதிகள் நடைமுறையில் இருந்தபோதே பட்டாளத்தானின் ஏக்கமும் தனிமையும் இலக்கியமாயின. அதனாற் பகைவர்க்கு யாதொரு மறைபொருளும் வெளிப்பட்டிலது.

குறைகூறல் நிகழும்போதே சிக்கல் முற்றுகின்றது. 2017 சனவரியில் இந்திய எல்லைப் பாதுகாப்புப் படைவீரர் தேஜ் பகதூர் யாதவ், தமக்கு வழங்கப்பட்ட உணவு தரமற்றது எனக் காட்டும் காட்சிகளை முகநூல் வழி வெளியிட்டார். மேலிடம் அதனை மறுத்தது. ஏப்ரலில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தச் சனவரியிலேயே இராணுவத் தளபதி பிபின் ராவத், வீரர் தம் குறைகளைத் தெரிவிக்க முறையீட்டுப் பெட்டிகள் வைக்கப்படும் என அறிவித்தார். சந்தியில் நின்று முறையிடுதல் ஒழுங்கன்று எனலாம். ஆனால், உள்ளே கேட்கும் செவி இருப்பின் சந்திக்கு வருவார் எவர்? தண்டனையை மட்டும் வைத்துச் செவியை வையாத கட்டுப்பாடு நெடுநாள் நில்லாது.

மலைநாட்டார்க்கு இவ்வுண்மை புதிதன்று. தோட்டத் தொழிலாளரும் கட்டளைக்குள் வாழ்ந்தவரே. அவர் வாழ்வை நெடுங்காலம் துரைமாரின் குறிப்புகளும் ஆணைக்குழுக்களின் அறிக்கைகளுமே பெரிதும் உரைத்தன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவ்வாழ்வின் உள்ளிருந்தே எழுதியபோதுதான் இலயத்தின் குரல் வெளியுலகுக்குக் கேட்டது. படைவீரனுக்கும் அஃது ஒக்கும். இடம், தொகை, நாள் ஆகியவற்றை அவன் மறைக்க. கட்சிப் பூசலை விலக்க. தான் பட்டதை எழுதுக. அவன் எழுதாவிடின், போரைக் கண்ணாற் காணாதவரே அவன் கதையை எழுதுவர். நாடும் அதனையே வரலாறு என நம்பும்.