உங்களுக்குத் தெரியுமா? உறைவதும் கசிவதும் ஒரே உடலில்
தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை உறுப்புகளையே பாதிக்கும் நிலைதான் செப்சிஸ். அது கடுமையானால் ரத்தம் ஒரே நேரத்தில் உறையவும் கூடும், கசியவும் கூடும். நுண்ணிய ரத்தக்குழாய்களை உறைகட்டிகள் அடைப்பதால் சிறுநீரகம், நுரையீரல் திணறும். அதற்குள் தட்டணுக்களும் உறைபொருள்களும் தீர்ந்துபோக, ஊசி குத்திய இடத்தில்கூட ரத்தம் நிற்காமல் கசியும்.

2001இல் அமெரிக்காவில் பெரும் நம்பிக்கையோடு கடுமையான செப்சிஸுக்கு அனுமதிக்கப்பட்ட ‘சைக்ரிஸ்’ மருந்து உயிர் காப்பது மறு ஆய்வில் உறுதியாகவில்லை. 2011இல் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. எனவே மூலத் தொற்றை விரைந்து அடக்குவதுதான் இன்றும் முதல் சிகிச்சை. தட்டணு, பிளாஸ்மா ஏற்றுவது பெரும்பாலும் ரத்தக்கசிவு இருந்தால்தான்.

தமிழகத்தில் இந்த ஆபத்துவரை கொண்டுபோகக்கூடிய காய்ச்சல்களில் ஒன்று, சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ். வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடச் சிக்கல்கள் குறைந்தன. இறப்பு குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பது உயிர்ப் பிரச்சினை.

சென்னை அபிராமபுரம் போன்ற நகர்ப்பகுதியில் இருந்தாலும் சரி, காய்ச்சலோடு அக்குளிலோ தொடை இடுக்கிலோ இந்நோயின் அடையாளமான, சிகரெட் சூடு பட்டது போன்ற, ஆனால் வலியில்லாத கருத்த பொருக்கு தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.